செய்தவர் பெயர்

தங்கராணி அழகரத்தினம். பிறப்பு: 1956 ஜனவரி 11, கல்லாறு, மட்டக்களப்பு மாவட்டம். 1978 மே முதல் 1983 ஜூலை வரை கொழும்பில் ஓர் அரச மருத்துவமனையின் அக்குபங்சர் பிரிவில் உதவிப் பணியாளர். 1986 செப்டெம்பர் 3ஆம் திகதி டென்மார்க் வந்து சேர்ந்தார். 1989 முதல் பத்தாண்டுகள் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. 1999 ஆகஸ்ட் முதல் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஹொல்கர் கிராரூப் என்ற கிரோபிராக்டரின் சிகிச்சை நிலையத்தில் துப்புரவுப் பணி. 2006 மார்ச் முதல் அதே நிலையத்தில் சிகிச்சை உதவியாளர்.

2009 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, அந்த நிலையத்துக்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்வதற்கு அரச அங்கீகாரம் பெற்றவர்கள் கிரோபிராக்டர்கள். அவர்களுள் அக்குபங்சர் என்ற ஊசிச் சிகிச்சையையும் சேர்த்து வழங்குவோர் அதை எந்த ஒழுங்கில் வழங்குகிறார்கள் என்று பரிசோதிக்கப்படும். மே 20, புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் வருவார். 2008 ஜனவரி முதலான பதிவுத் தாள்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். இவ்வளவும் முதற்பக்கம்.

ஹொல்கர் அதை நின்றபடியே வாசித்தார். அறுபத்து நான்கு வயது. காகிதம் என்றாலே கசப்பு மருந்து. "தாளெல்லாம் ராணியிடம் ஒழுங்காக இருக்கிறது, பிறகென்ன?" என்று டேனிஷ் மொழியில் சொல்லிவிட்டு, கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் ஒன்றால் ஒட்டிவைத்தார். இரண்டாம் பக்கம் முதற்பக்கத்தின் பின்னால் மறைந்துபோனது. மூன்று வாரம் அது அப்படியே தொங்கியது.

தாள்கள் ஒழுங்காக இருந்தன என்பது உண்மை. அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டுமானால் 2006 பெப்ரவரிக்குப் போகவேண்டும். ஹொல்கர் வார இறுதி வகுப்பொன்றில் ஊசி வைக்கக் கற்றுக்கொண்டு, ஊசிப்பெட்டி ஒன்றுடன் திரும்பியிருந்தார். முதலில் ஒரு தோடம்பழத்தில் குத்திப் பார்த்தார். பழம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் முழங்காலில் வைத்தார். ஊசி வளைந்தது, அவர் முகம் அதைவிட வளைந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த தங்கராணி தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "டொக்டர், மூச்சை வெளியே விடும்போது வைக்கவேண்டும்" என்றார். ஹொல்கர் அவரைப் பார்த்தார், ஊசியை நீட்டினார். தங்கராணி கையைக் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்து நான்கு ஊசிகளை வைத்தார். இருபது நிமிடம் கழித்து எழுந்து நடந்து பார்த்த ஹொல்கர், தரை துடைக்க வேறொருவர் தேவையென்று அன்று மாலையே விளம்பரம் கொடுத்தார்.

அதன்பின் அவர் தோடம்பழத்தையும் தொடவில்லை. ஊசியையும் தொடவில்லை. நோயாளியை முதலில் அவர் பார்த்து, ஊசி பொருந்துமா என்று தீர்மானிப்பார். வைப்பது தங்கராணியின் கை.

அந்தக் கைக்குச் சில பழக்கங்கள் இருந்தன. ஊசி வைக்கவேண்டிய இடத்தைப் பெருவிரல் நகத்தால் முதலில் அழுத்திக் குறிப்பார். தோலில் பிறைபோல ஓர் அடையாளம் விழும். அந்தப் பிறையின் நடுவில் ஊசி இறங்கும். வைக்கும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் தமிழில் எண்ணுவார். எடுக்கும்போதும் அப்படியே. ஊசி குத்துவதில் பிழை விட்டால் நோயாளி சொல்வான், ஊசியை மறந்துவிட்டால் எவனும் சொல்லமாட்டான் என்பது கொழும்பில் அவருக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். இடுப்பு வலிக்கு வந்துபோன டேனிஷ் விவசாயி ஒருவர் இரண்டு மாதத்தில் தமிழில் ஒன்பது வரை எண்ணப் பழகிவிட்டார். ஒன்பதுதான் அவருக்கு வைக்கும் ஊசி.

பதிவுத் தாளையும் தங்கராணியே வடிவமைத்தார். கொழும்பு மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த அதே ஆறு பத்திகள், டேனிஷ் மொழியில்: திகதி, நோயாளி, ஊசி வைத்த இடங்கள், உள்ளே எத்தனை, வெளியே எத்தனை, செய்தவர் பெயர். கடைசிப் பத்தியில் அவர் ஒவ்வொரு தடவையும் ஹொல்கர் கிராரூப்பின் முதலெழுத்துகளை எழுதினார்: எச்.கே.

இதில் அவர் எந்த ஏமாற்றையும் உணரவில்லை. 1980 நவம்பரில், இருபத்து நான்கு வயதில், ஒரு புகையிரத ஊழியரின் முழங்காலில் முதன்முறையாகத் தனியே ஊசி வைத்தபோது, பதிவேட்டின் ஆறாம் பத்தியில் அவர் தன் பெயரை எழுதினார். மறுநாள் தலைமைத் தாதி பதினொரு ஊழியர்களின் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்துவைத்துச் சிவப்பு மையால் பெயரை வெட்டினார். "செய்தது உன் கை. செய்தவர் டொக்டர்" என்றார். அதன்பின் 1983 ஜூலையில் கொழும்பை விட்டு ஓடும்வரை, எந்தப் பத்தியிலும் தங்கராணி தன் பெயரை எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டுக்குப் பின்னும், வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், பேனை தானாகவே டொக்டரின் எழுத்துக்குப் போனது. ஹொல்கர், "நான் டொக்டரும் இல்லை, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை.

புதன்கிழமைகளில் ஹொல்கர் ஹொல்ஸ்டெப்ரோவில் இருப்பதில்லை. ஸ்கீவ நகரில் அவருக்கு இன்னொரு சிறிய நிலையம் இருந்தது. காலையில் காரில் போனால் மாலையில்தான் வருவார். ஆகவே புதன்கிழமை தங்கராணியின் நாளாகவும், அதனாலேயே தமிழரின் நாளாகவும் ஆயிற்று. 2009 தொடங்கி, வன்னியில் போர் இறுகியதிலிருந்து அவர்களின் தொகை கூடிக்கொண்டே போனது. கழுத்து, தோள், பிடரி. எல்லாருக்கும் ஒரே இடங்களில் வலி. தொலைக்காட்சிக்கு முன்னாலும் தொலைபேசிக்குப் பக்கத்திலும் இருந்து இருந்து இறுகிய தசைகள். கோப்பன்ஹேகனுக்குப் பஸ்ஸில் போய் நாள் முழுக்கப் பதாகை தூக்கி நின்றுவிட்டு, மறுநாள் விடியவே வேலைக்குப் போன தோள்கள்.

மே 6, புதன்கிழமை மதியம் சிறீஸ்கந்தராசாவும் மனைவி சரோஜினிதேவியும் வந்தார்கள். அவருக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அவர் மனைவி அதே இல்லத்தில் பராமரிப்பாளர். இருவரும் யாழ்ப்பாணத்தார்.

"அக்கா, எங்கட ஆக்கள் என்னைப் பகிடி பண்ணுறாங்கள்," என்றார் சிறீஸ்கந்தராசா, சப்பாத்தைக் கழற்றியபடி. "மட்டக்களப்பாரிட்டயோ போறாய், மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டவச்சுப்போடுவினம் எண்டு."

"ஒட்டத்தான் போறன் தம்பி. இருபது நிமிசம் உங்கட வாய் மூடிக் கிடந்தா இந்தப் பிள்ளைக்குப் பெரிய புண்ணியம்."

"கேட்டியே சரோ? ஊசி எனக்கு, புண்ணியம் உனக்காம்."

"நீங்கள் முதல் படுங்கோ," என்றார் சரோஜினிதேவி. "பிறகு கதைக்கலாம்."

அவருக்கு அடுத்த கட்டில்; ஒருக்களித்துப் படுத்தார். பிடரியில் நான்கு, கைகளில் நான்கு, கால்களில் இரண்டு, புருவ நடுவில் ஒன்று. பதினொன்று. தங்கராணி எண்ணி முடித்ததும் சரோஜினிதேவி கண்ணைத் திறக்காமலே மெல்லச் சொன்னார்: "வன்னியில எனக்கு இரத்தச் சொந்தம் ஒருத்தரும் இல்லை அக்கா. அப்பவும் நித்திரை வருகுதில்லை. இஞ்ச இந்தக் கட்டில்ல மட்டும் எப்பிடி வருதெண்டு விளங்கேல்லை."

"விளங்க வேணாம் மனே," என்றார் தங்கராணி, மட்டக்களப்பில் பிள்ளைகளை அழைக்கும் விதமாக. "படு."

மூன்று நிமிடத்தில் அவர் தூங்கிவிட்டார். சிறீஸ்கந்தராசா ஊசிகளோடு குப்புறக் கிடந்தபடி, "ஒட்டிப்போட்டுது," என்று முணுமுணுத்தார். தங்கராணி அன்று இருபது நிமிடத்தை நாற்பதாக்கினார். ஐந்து மாதமாக எல்லாரும் எல்லாரிடமும், எங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னால் செய்ய முடிந்தது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது: புதன்கிழமை, ஆளுக்கு இருபது நிமிட நித்திரை.

மே 16, சனிக்கிழமை. பரிசோதனைக்கு நான்கு நாள் இருந்தது. தாள்களைத் திகதி வாரியாக அடுக்குவதற்காக அவற்றையும், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த கடிதத்தையும் தங்கராணி வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். மதியச் சோற்றுக்குப் பின் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் அவர். மறுபக்கத்தில் கணினிக்கு முன்னால் கணவர் அழகரத்தினம். அழகரத்தினத்தின் தங்கை செல்வமலர் முல்லைத்தீவில் கல்யாணம் கட்டியவர். அவருடைய குரலைக் கடைசியாகக் கேட்டது பெப்ரவரி 9ஆம் திகதி. அன்றிலிருந்து அழகரத்தினத்துக்கு வேலைக்கு வெளியே ஒரே வேலை, பட்டியல் வாசிப்பது. காயமடைந்தோர் பட்டியல், முகாமுக்கு வந்தோர் பட்டியல், யாரோ எழுதி, யாரோ படமெடுத்து, யாரோ இணையத்தில் போட்டவை.

"செல்வமலர், வயது நாப்பத்தேழு, கால்ல காயம்," என்று திடீரென வாசித்தார்.

தங்கராணி தாள்களை வைத்துவிட்டு எழுந்து போனார். கையெழுத்துப் பட்டியல். தகப்பன் பெயர் இல்லை. ஊர் இல்லை. எந்த மருத்துவமனை என்றும் இல்லை. செல்வமலருக்கு வயது நாற்பத்தாறு.

அழகரத்தினம் இலண்டனுக்கு ஒரு அழைப்பு எடுத்தார், பிறகு ரொறொன்ரோவுக்கு, பிறகு வவுனியாவுக்கு. எல்லாரும் அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தார்கள். அது எங்கே எழுதப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு மணிநேரம் கழித்துத் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார்.

"எழுதினவன் கீழ தன்ர பேரைப் போட்டிருந்தா ஆளைப் பிடிச்சுக் கேக்கலாம். எந்த வாட்டு, எப்பிடி ஆள், நெத்தியில தழும்பு இருந்துதா எண்டு. ஒரு பேர். அதை எழுத என்ன கஷ்டம் அவனுக்கு?"

தங்கராணி தன் பக்கத்துக்குத் திரும்பி வந்து, கடிதத்தைத் தாள்களின் மேல் வைப்பதற்காகத் தூக்கியபோது இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. ஊசியைக் கிரோபிராக்டர் தாமே வைக்காமல் உதவியாளர் வைப்பாராயின் மூன்று காட்டப்பட வேண்டும்: கிரோபிராக்டர் எழுத்தில் கொடுத்த அறிவுறுத்தல், உதவியாளர் பெற்ற பயிற்சிக்கான ஆதாரம், ஒவ்வொரு சிகிச்சையிலும் ஊசியை உண்மையில் வைத்தவரின் பெயர்.

அவர் மேலே இருந்த தாளைப் பார்த்தார். எச்.கே. அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்தார். எச்.கே. மே 6, புதன்கிழமை, சரோஜினிதேவி, உள்ளே 11, வெளியே 11, எச்.கே. அதே நாள் அதே நேரம் ஹொல்கர் ஸ்கீவவில் யாருடைய முதுகையோ நிமிர்த்திக்கொண்டிருந்ததற்கு அங்கே இன்னொரு தாள் இருக்கும்.

எண்ணிப் பார்த்தார். 2008 ஜனவரி முதல் மொத்தம் 412 சிகிச்சைகள். அவற்றுள் புதன்கிழமையில் நடந்தவை 138.

"என்ன புள்ள, முகம் பேயடிச்ச மாதிரி?" என்றார் அழகரத்தினம்.

சொன்னார். அழகரத்தினம் கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார்.

"நாலு நாள் கிடக்கு. புதுத்தாள் எடுத்துத் திருப்பி எழுது. புதன்கிழமையை வியாழக்கிழமை எண்டு போடு. ஆர் கண்டது?"

"கண்டது நான்."

"நீதானே எழுதினனி, நீயே மாத்து. இல்லாட்டி ஒண்டும் செய்யாம விடு. நானூறு தாளையும் வாற அதிகாரி இருந்து பாக்கப்போறாரே? உன்ர பேரை எழுதினியெண்டா முதல் கேள்வி, நீ ஆர், எங்க படிச்சனி எண்டுதான் வரும். என்னத்தைக் காட்டுவாய்? ஊசியப் பறிச்சுப்போட்டுத் தும்புத்தடியத் திருப்பித் தருவாங்கள்."

அவர் சொன்னதில் பிழையில்லை என்பது தங்கராணிக்குத் தெரியும். கொழும்பில் உதவிப் பணியாளருக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் இருக்கவில்லை. அவர் சிறிது நேரம் கணினித் திரையில் அப்படியே நின்றிருந்த அந்தப் பட்டியலைப் பார்த்தார். அதன் அடியில் வெறுமையாகக் கிடந்த வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மகளின் பழைய பாடசாலைப் பையிலிருந்து அடிமட்டம் ஒன்றைத் தேடி எடுத்தார்.

பதிவைத் திருத்துவதற்கும் முறை உண்டு. பழையது வாசிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். புதியது பக்கத்தில் வரவேண்டும். திருத்திய நாள் தெரியவேண்டும். எச்.கே. என்பதன் நடுவே மெல்லிய கோடு ஒன்று கிழித்தார். பக்கத்தில் தன் முழுப்பெயரையும் எழுத முயன்றார், பத்தி போதவில்லை. முதலெழுத்துகளை மட்டும் டி.ஏ. என்று எழுதினார். 16.05.2009. முதல் தாளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. இருபதாவது தாளில் கை பழகிவிட்டது. ஐம்பதாவதில் மணிக்கட்டு நொந்தது. இடது கைப் பெருவிரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு தொடர்ந்தார். அழகரத்தினம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஞாயிறு மாலைக்குள் 267 தாள்கள் முடிந்தன.

மே 18, திங்கட்கிழமை காலை ஹொல்கர் உள்ளே வரும்போதே கோட்டைக் கழற்றாமல் தங்கராணியின் மேசைக்கு வந்தார்.

"வானொலியில் கேட்டேன். உங்கள் போர் முடிந்துவிட்டதாம்." சற்றுத் தயங்கினார். "என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ராணி."

"எனக்கும் தெரியாது, டொக்டர்."

பிறகு தங்கராணி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைக் கொடுத்தார், அதன்பின் தாள்களை. ஹொல்கர் கோட்டுடனேயே நோயாளிகளின் நாற்காலியில் அமர்ந்தார். முதல் தாள், இரண்டாம் தாள், கட்டின் நடுவிலிருந்து ஒன்று.

"இத்தனை காலமும் என் பெயரையா எழுதினாய்?"

"ஆம்."

"ஏன்?"

தங்கராணி தாள் கட்டின் விளிம்பை நேராக்கினார். "அப்படித்தான் எழுதுவது," என்றார்.

"நான் ஒரு தடவையாவது பார்த்திருக்கவேண்டும்." ஹொல்கர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஸ்கீவவில் இருந்த நாட்கள் எத்தனை?"

"சிகிச்சை 138."

"அவர்கள் வழக்கமாகப் பத்துத் தாள்தான் எடுப்பார்கள். பத்து."

"இன்னும் 145 இருக்கிறது," என்றார் தங்கராணி. "திருத்துவதற்கு."

ஹொல்கர் எழுந்துபோய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று தங்கராணிக்கு. பிறகு எதிரே அமர்ந்து, மூன்று ஆண்டாக எழுதியிராத அறிவுறுத்தலை எழுதத் தொடங்கினார். யார் நோயாளியைப் பார்ப்பது, யார் ஊசி வைப்பது, ஏதாவது பிழைத்தால் யாரை அழைப்பது. முடித்துவிட்டுத் திகதி இடும் இடத்தில் பேனையை நிறுத்தினார்.

"2006 என்று போடலாம்."

தங்கராணி அடிமட்டத்தை அடுத்த தாளில் வைத்துக் கோடு கிழித்தார். ஹொல்கர் சிறிது நேரம் அதைப் பார்த்தார். பிறகு 2009 மே 18 என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அன்றும் மறுநாளும் அழகரத்தினம் வேலைக்குப் போகவில்லை. பட்டியலும் வாசிக்கவில்லை. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தங்கராணி செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்து, "முடிஞ்சுது," என்றார். அழகரத்தினம், "ஓம்," என்றார். 

மே 20, புதன்கிழமை. மறுநாள் கிறிஸ்துவின் விண்ணேற்ற விடுமுறை என்பதால் நகரம் அரைத்தூக்கத்தில் இருந்தது. அதிகாரி பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வந்தார். நாற்பது வயதுப் பெண், மழைச் சட்டையில், நெடுந்தூரம் கார் ஓட்டி வந்த களைப்பு முகத்தில். அந்த வாரத்தில் அது அவருக்கு ஏழாவது நிலையம் என்றார். ஹொல்கர் அன்று ஸ்கீவ போகவில்லை.

அதிகாரி பத்துத் தாள்களை உருவினார். முதல் தாளில் நின்றார். மற்ற ஒன்பதையும் வேகமாகப் புரட்டினார். பிறகு மொத்தக் கட்டையும் கேட்டு வாங்கினார்.

"எல்லாவற்றிலுமா?"

"நானூற்றுப் பன்னிரண்டிலும்," என்றார் தங்கராணி.

"யார் சொல்லித் திருத்தினீர்கள்?"

"கடிதத்தின் இரண்டாம் பக்கம்."

"அதை ஒருவரும் வாசிப்பதில்லை," என்றார் அதிகாரி. சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. பிறகு கிழமைகளைப் பார்த்தார், ஹொல்கரைப் பார்த்தார். "புதன்கிழமைகளில் நீங்கள் எங்கே?"

"ஸ்கீவவில்," என்றார் ஹொல்கர்.

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதியபடியே, தலையை நிமிர்த்தாமல், "இந்தக் கோடுகள் இல்லாவிட்டால் நான் கிழமையைப் பார்த்திருக்கமாட்டேன்," என்றார். அதைக் குற்றமாகவும் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை. "உள்ளே, வெளியே எண்ணிக்கை இவ்வளவு சுத்தமாக நான் எங்கும் பார்த்ததில்லை. சரி. பயிற்சிக்கு என்ன ஆதாரம்?"

தங்கராணி சொன்னார். ஐந்து ஆண்டு, இரண்டு மாதம். நாளொன்றுக்கு நாற்பது நோயாளிகள்.

"சான்றிதழ்?"

"கொடுக்கவில்லை."

"அந்த மருத்துவமனைக்கு எழுதலாம். பழைய பதிவேடுகளை வைத்திருப்பார்கள். அவற்றில் உங்கள் பெயர் இருக்குமல்லவா?"

"இருக்காது. டொக்டர்மாருடைய பெயர்தான் இருக்கும்." சற்று யோசித்தார். "ஒரு இடத்தில் இருக்கும். அதைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறார்கள்."

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். யன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை இயக்கினார்கள். அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

முடிவு பதினொன்றரைக்குச் சொல்லப்பட்டது. எழுத்தில் பதினான்கு நாளில் வரும். கிரோபிராக்டருக்குக் கண்டனம். ஊசிச் சிகிச்சையை நிலையம் தொடரலாம். ஆனால் ஊசியை ஹொல்கர் மட்டுமே வைக்கவேண்டும். ஏற்கத்தக்க பயிற்சி முடித்ததற்கான ஆதாரம் வரும்வரை உதவியாளர் ஊசி வைக்கக்கூடாது. ஊசியை எடுக்கலாம்; எண்ணலாம்; பதியலாம். பத்தி இரண்டாகப் பிரிக்கப்பட வேண்டும்: வைத்தவர், எடுத்தவர்.

"அந்தப் பயிற்சி எவ்வளவு காலம்?" என்று தங்கராணி கேட்டார்.

"வார இறுதி வகுப்பென்றால் இரண்டு ஆண்டு. ஆண்டு முடிவில் தொடங்கும்."

தங்கராணிக்கு வயது ஐம்பத்து மூன்று. தலையசைத்தார்.

அதிகாரி போன பிறகு ஹொல்கர் நெடுநேரம் கையைக் கழுவினார். "இன்றைக்கு யாராவது இருக்கிறார்களா?"

"ஒரு மணிக்கு இரண்டு பேர்."

சிறீஸ்கந்தராசாவும் சரோஜினிதேவியும் வந்தார்கள். சிறீஸ்கந்தராசா பகிடி ஒன்றும் கொண்டுவரவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே வாங்கில் அமர்ந்தார்.

"எனக்கு வேண்டாம் அக்கா. இவவுக்கு மட்டும் வையுங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து கண் மூடேல்லை. வேலைக்கும் போறா. அங்க ஒரு கிழவிக்கு மருந்தை ரெண்டு தரம் குடுக்கப் பாத்திருக்கிறா."

"நான் வைக்கேலாது தம்பி. டொக்டர்தான் வைப்பார்."

"ஏன்? உங்களுக்கென்ன?"

"சட்டம்."

"இஞ்சயுமோ," என்றார் சிறீஸ்கந்தராசா. 

சரோஜினிதேவி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தார். ஹொல்கர் ஊசித்தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று ஆண்டாக ஊசி பிடிக்காத விரல்கள். பிடரியில் எங்கே என்று தேடுவது அவர் கண்ணில் தெரிந்தது. தங்கராணி கட்டிலின் மறுபக்கம் போய், குனிந்து, பெருவிரல் நகத்தால் அந்த இடத்தை அழுத்தினார். பிறை ஒன்று விழுந்தது. இடத்தைக் காட்டக்கூடாது என்று அதிகாரி சொல்லியிருக்கவில்லை. ஹொல்கர் அந்தப் பிறையைப் பார்த்தார். சரோஜினிதேவி மூச்சை வெளியே விடும்வரை காத்திருந்து ஊசியை வைத்தார்.

"ஒண்டு," என்றார் தங்கராணி.

அடுத்த பிறை. "ரெண்டு." ஐந்தாவது ஊசி கொஞ்சம் வளைந்தது. ஹொல்கர் அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். வளைந்ததைத் தங்கராணி தனியே ஒரு கிண்ணத்தில் போட்டு, "இது கணக்கில்லை," என்று தமிழிலேயே சொன்னார். ஹொல்கர் புரிந்ததுபோலத் தலையசைத்தார். கடைசி ஊசி புருவ நடுவில். அங்கே வைக்குமுன் அவர் ஊசியைப் பிடித்தபடி நின்றார். தங்கராணியின் வலது கை தட்டை நோக்கித் தானாக ஓர் அங்குலம் நகர்ந்தது. அதை மடித்து மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஹொல்கர் வைத்து முடித்தார். இருபது நிமிடம் தொடங்கியது.

ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது சரோஜினிதேவியின் கண் திறந்திருந்தது. பத்து நிமிடம் கழித்தும் திறந்திருந்தது.

"மனே, நித்திரை வரயில்லையா?"

"இல்லை அக்கா. பரவாயில்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கிறன்."

தங்கராணி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். அறைக்கு வெளியே, வாங்கில் இருந்தபடியே சுவரில் தலை சாய்த்துச் சிறீஸ்கந்தராசா தூங்கிப்போயிருந்தார். அவருடைய குறட்டை கதவுக்கூடாகக் கேட்டது. சரோஜினிதேவியின் வாயோரம் இலேசாக அசைந்தது. "அவருக்குத்தான் ஒட்டியிருக்கு," என்றார்.

இரண்டு மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் தங்கராணி எழுந்து ஊசிகளை எடுக்கத் தொடங்கினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. சரோஜினிதேவியும் சத்தமில்லாமல் உதடசைத்துக் கூடவே எண்ணினார். கடைசி ஊசி தட்டில் விழுந்ததும் தங்கராணி மேசைக்குப் போய்ப் புதிய தாள் ஒன்றை எடுத்தார். ஆறாம் பத்தியின் நடுவே அடிமட்டத்தை வைத்துக் கோடு கிழித்து இரண்டாக்கினார்.

திகதி: 20.05.2009. நோயாளி: சரோஜினிதேவி சிறீஸ்கந்தராசா. வைத்தவர்: எச்.கே. எடுத்தவர்: டி.ஏ. உள்ளே: 11. வெளியே: 11.